எந்த உலாவிக்கு இடம் தருவது?



பள்ளிக்கு இணையத்தளம் அமைப்பவரும் மாணவர்க்கு இணையப் பயிற்சிப் பக்கம் உருவாக்கும் ஆசிரியரும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. நம் பக்கம் எந்தெந்த உலாவிகளில் ஒழுங்காக இயங்க வேண்டும் என்பதே அது. ஆனால், பெரும்பாலும் இதை யாரும் முடிவு செய்வதில்லை. தம் மடிக்கணினியில் உள்ள குரோமில் திறந்து பார்க்கின்றனர், அழகாகத் தெரிகிறது, உடனே இணைப்பைப் பெற்றோர் புலனக் குழுவில் இட்டுவிடுகின்றனர். முடிவு செய்யாமல் விட்டதும் ஒரு முடிவுதான். அந்த முடிவால் எந்த வீட்டுப் பிள்ளை வெளியே நிற்கிறது என்பது மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இது கணினி வல்லுநர்களின் சிக்கல், ஆசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வகுப்பறையில் கடைசி வரிசை மாணவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா என்று பார்ப்பது தச்சரின் வேலையா, ஆசிரியரின் வேலையா? உலாவியைத் தேர்வதும் அத்தகையதே. எந்த உலாவிக்கு இடம் தருகிறோம் என்பது எந்த மாணவனுக்கு இடம் தருகிறோம் என்பதாகும். ஆகவே இது முதலில் கல்வி பற்றிய முடிவு. அதன் பின்னரே தொழில்நுட்பம் பற்றிய முடிவு. இக்கருத்தைத்தான் இங்கு விரித்துரைக்க விரும்புகிறேன்.

பெயர் பல, பொறி சில

உலாவி என்பது சேவையகத்திலிருந்து வரும் குறிமொழியைப் படித்துத் திரையில் பக்கமாக வரைந்து காட்டும் மென்பொருள். அவ்வாறு வரைந்து காட்டும் உட்பகுதியை இயக்குபொறி எனலாம். இன்று உலாவிகளின் பெயர்கள் பல. பொறிகளோ பெரும்பாலும் மூன்றே. குரோம், எட்ஜ், ஓப்பரா, சாம்சுங் திறன்பேசிகளில் வரும் உலாவி ஆகியவை பிளிங்க் என்னும் ஒரே பொறியில் ஓடுகின்றன. ஓப்பரா 2013ஆம் ஆண்டிலும் எட்ஜ் 2020ஆம் ஆண்டிலும் தங்கள் சொந்தப் பொறியைக் கைவிட்டு இதற்கு மாறின. பயர்பாக்ஸ் கெக்கோ என்னும் பொறியையும் ஆப்பிளின் சஃபாரி வெப்கிட் என்னும் பொறியையும் கொண்டுள்ளன.

ஐபோனில் குரோமை நிறுவிக்கொண்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் பொறிதான். அது ஆப்பிளின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் இவ்விதி சட்டத்தின் பேரில் தளர்ந்தது. நம் மாணவர் வீட்டிலுள்ள ஐபோனுக்கு அத்தளர்வு பொருந்தாது. எனவே, "குரோமில் பார்த்தேன், சரியாக உள்ளது" என்பவர் எந்தக் கருவியின் குரோமில் பார்த்தார் என்று கேட்க வேண்டியுள்ளது.

இன்று உலாவிகளைப் பிரிப்பது பெயரைவிட அகவையே. விண்டோஸ் 7 கணினிக்குக் கிடைத்த கடைசிக் குரோம் 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பு. ஆண்ட்ராய்டு 7 திறன்பேசிகளுக்கு 2023ஆம் ஆண்டின் இறுதியில் குரோமின் புதிய பதிப்புகள் நின்றுபோயின. ஐபோனில் சஃபாரி தனியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை; இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும். 2014இல் வெளிவந்த ஐபோன் 6, ஐஓஎஸ் 12ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆக, "குரோம்" என்று இரு வீட்டார் சொன்னாலும் இருவரும் ஒரே உலாவியைக் கையாள்கின்றனர் என்று கொள்ள முடியாது.

பழைய உலாவியில் என்னதான் ஆகிறது? இதை ஆசிரியர்கள் தெரிந்துகொள்வது நன்று. இணையப் பக்கத்தில் மூன்று அடுக்குகள் உள்ளன. உள்ளடக்கத்தைச் சொல்வது எச்டிஎம்எல். தோற்றத்தைச் சொல்வது சிஎஸ்எஸ். இயக்கத்தைச் சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். முதலிரண்டும் பொறுமைமிக்க மாணவனைப் போன்றவை. தெரியாத சொல் வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் படிக்கும். மூன்றாவது அப்படியன்று. தனக்குத் தெரியாத இலக்கணம் ஒன்றைக் கண்டால் அந்த நிரல் முழுவதையும் மூடிவைத்துவிடும். 2020ஆம் ஆண்டில் உலாவிகளுக்கு வந்த ஒரு சிறு குறியீட்டை நிரலர் ஓரிடத்தில் எழுதியிருந்தாலே போதும். ஐபோன் 6இல் அந்த நிரல் ஒரு வரிகூட ஓடாது. பக்கமே நிரலால்தான் வரையப்படுகிறது என்றால் மாணவன் காண்பது வெள்ளைத் திரை. புதிரில் உள்ள வினாக்கள் வெறும் எழுத்தாகவேனும் தெரிந்திருக்கலாம், அதுவும் இல்லை.

தமிழ் கண்ட வரலாறு

ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இச்சிக்கல் கூடுதல் என்பதை நம் இணைய வரலாறு காட்டுகிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வொரு தமிழ்த்தளமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியாக்கத்தையும் வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் தாம், தாப் எனும் குறியாக்கங்கள் பரிந்துரைக்கப்பட்டன. இணையத் தமிழன்பர்களிடையே திஸ்கி புழங்கியது. படிப்பவர் அந்தந்த எழுத்துருவைப் பதிவிறக்கி நிறுவ வேண்டியிருந்தது.

இத்தொல்லையைத் தவிர்க்க இயங்கு எழுத்துரு என்னும் முறை வந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து சேரும். ஆனால், மைக்ரோசாப்டின் இண்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு முறை, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு முறை. நெட்ஸ்கேப் நலிந்த பிறகு எக்ஸ்புளோரருக்குரிய முறை மட்டும் நிலைத்தது. பின்னர் ஒருங்குறி பரவத் தொடங்கிய காலத்தில் உமர்தம்பி அவர்கள் உருவாக்கிய தேனீ எழுத்துரு இம்முறையில் பல தமிழ் வலைப்பதிவுகளில் பயன்பட்டது. அதனால் தமிழைத் தம் கணினியில் முதன்முதலாகக் கண்டவர்கள் பலர். அவருக்கு நாம் கடன்பட்டுள்ளோம். எனினும், அந்த எழுத்துரு தானே வந்து இறங்கும் வசதி எக்ஸ்புளோரரில் மட்டும்தான் கிடைத்தது. வேறு உலாவியைக் கொண்டிருந்தவர்க்குக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டங்களும் வினாக்குறிகளுமே தெரிந்தன.

ஒருங்குறி வந்த பின்னும் சிக்கல் முற்றாகத் தீரவில்லை. ஒருங்குறியில் "கொ" என்பது ககரமும் அதன் பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டு ஓரெழுத்தாக்க வேண்டும். இயங்குதளமும் உலாவியும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி இது. விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்கான கோப்புகளைத் தனியாகத் தேர்ந்து நிறுவ வேண்டியிருந்தது. பயர்பாக்ஸின் தொடக்கப் பதிப்புகளில், பத்தியை இருபுறமும் சமப்படுத்தினால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் எனச் சிதறும். 2008 ஜூனில் வந்த 3ஆம் பதிப்பில்தான் அது சீரானது. தொடக்ககால ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் தமிழே தெரியாது. ஓப்பரா மினியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படித்தோம்.

ஆங்கிலப் பக்கம் பழைய உலாவியில் அழகு குலைந்து தெரியலாம். எழுத்து பெரும்பாலும் எழுத்தாகவே இருக்கும். தமிழ்ப் பக்கம் குலையும்போது எழுத்தே குலைகிறது. முதலாம் ஆண்டு மாணவன் உயிர்மெய் எழுத்துகளைக் கற்கும் பருவத்தில், "கொ" எனும் எழுத்து புள்ளி வட்டத்தோடு உடைந்து தெரிந்தால் அவன் அதையும் ஓர் எழுத்தென்றே எண்ணக்கூடும். பெரியவர்கள் தாமே திருத்திப் படித்துக்கொள்வர். ஆறேழு அகவைப் பிள்ளைக்கு அந்த ஆற்றல் இன்னும் வரவில்லை.

ஒன்றையே நம்பியவர் பட்ட பாடு

"பெரும்பாலோர் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதற்கு மட்டும் செய்தால் போதாதா?" என்பது நியாயமாகத் தோன்றும் வினா. இதற்கு வரலாறு விடை சொல்லியிருக்கிறது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் இண்டர்நெட் எக்ஸ்புளோரர் உலகப் பயன்பாட்டில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெற்றிருந்தது. அதற்கு மட்டும் தளம் அமைப்பதே அறிவுடைமை என அன்று எண்ணினர். 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் வந்தது. 2008 செப்டம்பரில் குரோம் வந்தது. 2011 மார்ச்சில் மைக்ரோசாப்டு நிறுவனமே தன் 6ஆம் பதிப்பைக் கைவிடும்படி உலகை வேண்டி இயக்கம் நடத்தியது. 2022 ஜூன் 15இல் எக்ஸ்புளோரரின் கடைசிப் பதிப்பும் ஓய்வு பெற்றது.

தென்கொரியாவின் நிலை இன்னும் தெளிவான பாடம். 1990களின் இறுதியில் அந்நாடு இணைய வணிகத்தின் பாதுகாப்புக்காகத் தனக்கென ஒரு மறையாக்க முறையை உருவாக்கியது. உலாவிகளில் அம்முறை இல்லாததால் ஆக்டிவ்எக்ஸ் என்னும் செருகுநிரல் வழியாக அதைச் சேர்த்தனர். ஆக்டிவ்எக்ஸ் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கும். விளைவாக, இணைய வங்கி, இணையக் கடை, அரசு அலுவல் யாவும் பல ஆண்டுகளுக்கு ஒரே உலாவியோடு கட்டுண்டு கிடந்தன. அதனோடு பிணைந்திருந்த சான்றிதழ் முறையின் தனியுரிமை 2020 டிசம்பரில்தான் நீங்கியது. அதிவேக இணையத்துக்குப் பெயர்பெற்ற நாட்டுக்கே இந்த நிலை.

நம் துறையிலும் சான்று உண்டு. 2000களில் ஆர்வமிக்க ஆசிரியர்கள் பலர் இரவு பகலாக உழைத்து ஃபிளாஷ் மென்பொருளில் தமிழ் விளையாட்டுகளும் கதைகளும் உருவாக்கினர். ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31இல் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கியே கோப்புகளைத் திறக்க மறுத்தது. அதே ஆசிரியர்கள் எளிய எச்டிஎம்எல்லில் தட்டிவைத்த கதைப் பக்கங்கள் இன்றும் திறக்கின்றன. ஒரு நிறுவனத்தின் கருவியை நம்பிக் கட்டியது அந்நிறுவனத்தோடு போயிற்று. பொதுத் தரத்தை நம்பி எழுதியது நிலைத்தது.

புள்ளிவிவரத்தில் வராத மாணவன்

உலாவியைத் தேர்வோர் வழக்கமாகப் பார்ப்பது உலகப் பயன்பாட்டு விழுக்காடு. அது உலகைச் சொல்லும். நம் பள்ளியைச் சொல்லாது. சற்று விவரமறிந்தவர்கள் தம் தளத்தின் வருகைப் பதிவைப் பார்ப்பர். அது மேலானது. ஆயினும் அதிலும் ஒரு பெருங்குறை உண்டு. பக்கம் திறக்காத மாணவன் இரண்டாம் முறை வரமாட்டான். வருகையை எண்ணும் கருவியே பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. நிரல் ஓடாத கருவியை அது எண்ணவும் எண்ணாது. பழைய உலாவி கொண்டவர் வர இயலாததால் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் அவருக்காக நாம் எதுவும் செய்வதில்லை. பள்ளிக்கு வந்தோரை மட்டும் எண்ணிவிட்டு, "எல்லாரும் வந்துவிட்டனர்" என்று வருகைப் பதிவேட்டில் எழுதுவதற்கு ஒப்பாகும் இது.

பிரிட்டன் அரசின் மின்னியல் சேவைப் பிரிவு 2013இல் இதை முறையாக அளந்து பார்த்தது. தம் தளத்துக்கு வந்தோரில் 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் இயங்கவில்லை. அவர்களுள் நிரலை நிறுத்தி வைத்தவர்களும் அதற்கு வசதியில்லாத உலாவி கொண்டவர்களும் 0.2 விழுக்காடே. மீதி 0.9 விழுக்காட்டினரின் உலாவி நிரலை ஓட்டவல்லது. ஆயினும் ஏதோ ஒரு காரணத்தால் அன்று ஓடவில்லை. இணைப்பு பாதியில் அறுந்திருக்கலாம். அலுவலக வலையமைப்பு தடுத்திருக்கலாம். முந்நூறு மாணவர் பயிலும் பள்ளியில் 1.1 விழுக்காடு என்பது மூன்று பிள்ளைகள். விழுக்காடாகப் பார்த்தால் சிறிது. பெயர் சொல்லி அழைத்தால் மூன்று பேர்.

நம் பிள்ளைகள் வீட்டில்

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, மலேசிய ஆசிரியர்கள் அனைவரும் மாணவர் வீட்டிலுள்ள கருவிகளைப் பற்றிக் கற்றுக்கொண்டோம். வீட்டில் இருப்பது ஒரு திறன்பேசி. அது அப்பாவுடையது, அவர் வேலை முடிந்து வந்த பிறகே பிள்ளைக்குக் கிடைக்கும். அண்ணனுக்கும் தங்கைக்கும் அதுவே. அல்லது மாமா புதிது வாங்கியபின் கொடுத்த பழையது. சேமிப்பிடம் நிறைந்திருக்கும், ஆகவே புதுப்பித்தல் நடவாது. திரையில் விரிசல். முன்கட்டண இணையம், வார இறுதிக்குள் தீர்ந்துவிடும்.

அந்நாள் போய்விட்டது, பள்ளிகள் திறந்துவிட்டன. ஆயினும் இடுபணிகளும் அறிவிப்புகளும் இணையத்தின் வழியே செல்லும் வழக்கம் நிலைத்துவிட்டது. கருவிகளின் பல்வகைமையும் அப்படியே உள்ளது. 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வெளியான ஹுவாவேயின் புதுவகைத் திறன்பேசிகளில் கூகுள் சேவைகள் இல்லை. அதன் சொந்த உலாவியே முதலில் கைக்கு எட்டும். முகநூலில் வரும் இணைப்பைத் தொட்டால் முகநூலுக்குள்ளேயே ஒரு சிறு உலாவி திறக்கிறது. இணையத்தைச் சிக்கனமாகச் செலவிட ஓப்பரா மினியை வைத்திருப்போரும் உளர்; அது பக்கத்தைத் தன் சேவையகத்தில் சுருக்கி அனுப்புவதால் நிரல் சார்ந்த புதிர்கள் அதில் தடுமாறும். சில பள்ளிகளின் கணினி அறையிலோ பழைய விண்டோஸ் கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"உலாவி இலவசம்தானே, புதுப்பித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்பர். உலாவி இலவசம், அது கேட்கும் கருவி இலவசமன்று. ஆண்ட்ராய்டு 7இல் நின்றுபோன திறன்பேசிக்குப் புதிய குரோமை எவ்வளவு விரும்பினாலும் நிறுவ இயலாது. புதுப்பிக்கச் சொல்வது அவ்வீட்டாரிடம் சில நூறு ரிங்கிட் செலவிடச் சொல்வதேயாகும். வீட்டுப்பாடம் ஒன்றுக்காக அப்படிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா?

மறுபக்க நியாயம்

இத்தனை சொன்னாலும், எல்லா உலாவிக்கும் எல்லாம் செய்து தர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அது ஆகாத காரியம். ஒவ்வொரு பழைய பதிப்பையும் தாங்குவதற்கு நேரம் வேண்டும்; சோதித்துப் பார்க்கக் கருவிகள் வேண்டும். வகுப்பு, புறப்பாடம், கோப்புப் பணி அனைத்தையும் முடித்துவிட்டு இரவில் அமர்ந்து பக்கம் தயாரிக்கும் ஆசிரியருக்கு அவ்வளவு நேரம் இல்லை. பழமைக்காகப் புதுமையை முற்றாகத் துறந்தால் ஒலி, அசைவு, எழுதிப் பழகும் திரை போன்ற நல்ல வசதிகளை மற்ற மாணவர்கள் இழப்பர்.

பாதுகாப்பும் கருதத்தக்கது. ஆதரவு நின்றுபோன உலாவியில் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. அதில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்படி பெற்றோரை நாமே ஊக்குவிப்பது முறையன்று. எனவே எல்லை ஒன்று வகுக்கத்தான் வேண்டும். அந்த எல்லையை உலாவியின் பெயரை வைத்து வகுப்பதா, பணியின் தேவையை வைத்து வகுப்பதா என்பதில்தான் என் கருத்து மாறுபடுகிறது.

பணியை வைத்து எல்லை வகுப்போம்

யாகூ நிறுவனத்தார் 2006இல் உலாவிகளைத் தரம் பிரித்து வெளியிட்ட முறை ஒன்று உண்டு. ஏ தர உலாவிகளுக்கு எல்லா வசதியும் கிடைக்கும்; அவை ஒவ்வொன்றும் சோதிக்கப்படும். சி தரத்தில் பழைய, திறன் குறைந்த உலாவிகள். அவற்றுக்கு அழகும் அசைவும் இல்லை. ஆனால், உள்ளடக்கம் முழுமையாகக் கிடைக்கும். எக்ஸ் தரம் அறியப்படாத உலாவிகளுக்கு உரியது. அவற்றை இயலும் என்று நம்பி ஏ தரமாகவே நடத்துவர். இதில் நான் கண்ட சிறப்பு ஒன்று. "ஆதரவு" என்பதற்கு எல்லார்க்கும் ஒரே தோற்றம் என்று அவர்கள் பொருள் கொள்ளவில்லை. எல்லார்க்கும் உள்ளடக்கம், இயன்றவர்க்கு மேலும் வசதி என்று கொண்டனர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 2003இல், படிப்படியாக மெருகேற்றல் எனும் கோட்பாடாக இவ்வெண்ணம் வலை வடிவமைப்பாளரிடையே பெயர் பெற்றிருந்தது.

ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. ஒரே பாடத்தை மீட்டுணர்தல், குறைநீக்கல், வளப்படுத்துதல் என மாணவர் நிலைக்கேற்ப நாம் நடத்துகிறோம். பாட நோக்கம் எல்லார்க்கும் ஒன்றே, நடவடிக்கைகள் வேறு. பள்ளிப் பக்கங்களையும் அவ்வாறே மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எந்தக் கருவியிலும் கிடைத்தே ஆக வேண்டியவை. பள்ளி அறிவிப்பு, தேர்வு அட்டவணை, வீட்டுப்பாடம், பாடக்குறிப்பு, பள்ளியின் தொலைபேசி எண் ஆகியவை இவற்றுள் அடங்கும். இவை எளிய எச்டிஎம்எல்லில், ஒருங்குறியில், எழுத்தாகவே இருக்க வேண்டும். அறிவிப்பைப் படமாக்கி இடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. எழுத்து உடையாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒருகாலத்தில் அது பொருந்திற்று. இன்று படத்தைச் சிறு திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும், தேடவும் இயலாது, பார்வைக் குறையுடையோர்க்குக் கருவி படித்தும் காட்டாது.

இரண்டாவது, பெரும்பாலோர்க்குக் கிடைக்க வேண்டியவை. புதிர், பயிற்சி, படிவம் போன்றவை. புதிரைத் தயாரிக்கும்போது வினாக்களை முதலில் பக்கத்தில் எழுத்தாக வைத்துவிட்டு, விடை சரிபார்க்கும் வேலையை மட்டும் நிரலிடம் விடலாம். நிரல் ஓடாத இடத்தில் மாணவன் வினாவைப் பார்த்துப் பயிற்சி ஏட்டில் எழுதுவான். மறுநாள் நாம் திருத்துவோம். அவன் பின்தங்கமாட்டான்.

மூன்றாவது, இயன்றவர்க்கு வளம் சேர்ப்பவை. அசைவூட்டம், ஒலிப்பதிவு, முப்பரிமாணக் காட்சி முதலியன. இவை புதிய உலாவியில் மட்டும் இயங்கினால் குற்றமில்லை. ஆனால், மதிப்பீட்டுப் புள்ளிகளை இவற்றோடு இணைக்கக்கூடாது.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். நோட்டோ போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பக்கத்தோடு அனுப்பலாம். அது வந்து சேரும்வரை கருவியிலுள்ள தமிழ் எழுத்துருவிலேயே பக்கத்தைக் காட்டும்படி சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். எழுத்துரு வரவில்லை என்பதற்காகப் பாடம் காத்திருக்கலாகாது.

உலாவியின் பெயரைக் கேட்டு வாயிலிலேயே தடுக்கும் தளங்களும் உள. "உங்கள் உலாவி ஏற்கப்படாது" என்றொரு செய்தி. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. இத்தடுப்பு பல வேளைகளில் தேவையற்றது. பெயரைக் கேட்பதற்கு மாறாக, "உனக்கு இந்த வசதி தெரியுமா?" என்று உலாவியிடமே கேட்கும் முறை உள்ளது. தெரிந்தால் காட்டலாம், தெரியாவிட்டால் எளிய வடிவைத் தரலாம். எச்சரிக்க வேண்டுமானால் பக்கத்தின் மேல் ஒரு வரி எழுதி, உள்ளே வரவிடலாம். வையவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, குறிப்பிட்ட உலாவியில் மட்டும் பார்க்கும்படி பக்கம் அமைப்பதை 1996ஆம் ஆண்டிலேயே கண்டித்தார். ஒருவர் எழுதியதை வேறு கணினி உள்ளவர் படிக்க இயலாதிருந்த பழங்காலத்துக்குத் திரும்பும் ஏக்கமே அது என்பது அவர் கருத்து.

பள்ளிகள் செய்யத்தக்கவை

முதற்பணி கணக்கெடுப்பு. ஆண்டின் தொடக்கத்தில் மாணவர் விவரப் படிவத்தோடு ஒரு தாளைச் சேர்த்து அனுப்பலாம். வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கும் கருவி எது? ஏறத்தாழ எந்த ஆண்டில் வாங்கியது? எத்தனை பேர் பகிர்கின்றனர்? இம்மூன்று வினாக்கள் போதும். இணையப் படிவமாக அனுப்பினால் மேலே சொன்ன குறைதான் நேரும். ஆகவே தாளில் அனுப்புவதே பொருத்தம்.

இரண்டாவது, அந்தக் கணக்கெடுப்பில் தெரியும் மிகப் பழைய கருவியைப் போன்ற ஒன்றைத் தேடி வைத்துக்கொள்வது. யாரிடமாவது பயன்படாமல் கிடக்கும் திறன்பேசி இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் அதில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே இணைப்பை அனுப்ப வேண்டும். ஐபோன் ஒன்றிலும் பார்த்துவிட்டால் நன்று.

மூன்றாவது, பணம் கொடுத்துத் தளம் அமைக்கும்போது கேட்க வேண்டியவை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிதி திரட்டித் தளம் அமைக்கும் பள்ளிகள் உள்ளன. வண்ணம், சின்னம், முகப்புப் படம் ஆகியவற்றைப் பற்றி நெடுநேரம் பேசுகிறோம். உலாவியைப் பற்றி ஒரு வரியும் ஒப்பந்தத்தில் இருப்பதில்லை. "ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் அறிவிப்புப் பக்கம் தெரியுமா? ஐந்தாண்டுக்கு முற்பட்ட திறன்பேசியில் சோதித்துக் காட்டுவீர்களா? தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் எழுத்தாக இருக்குமா?" என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். எல்லை எதுவென்று தளத்திலேயே ஒரு மூலையில் எழுதிவைப்பதும் நேர்மையாகும். அந்த எல்லைக்கு வெளியே உள்ள வீட்டுக்கு அச்சிட்ட தாளை அனுப்பும் பொறுப்பு பள்ளிக்கு உண்டு.

எல்லை காலந்தோறும் நகரும். இவ்வாண்டு தாங்கிய கருவியை மூன்றாண்டு கழித்துத் தாங்க வேண்டியிராது. அப்போது அதைக் கைவிடுவதில் தவறில்லை. உலகப் புள்ளிவிவரம் சொல்கிறது என்பதற்காகக் கைவிடாமல், நம் பள்ளியில் அக்கருவியை நம்பியிருக்கும் பிள்ளை எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கைவிட வேண்டும்.

அடுத்த பள்ளித் தவணை தொடங்கும்போது ஆசிரிய நண்பர்கள் இந்தக் கணக்கெடுப்பையேனும் செய்து பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வகுப்புக்கு ஒரு தாள், பத்து நிமிட வேலை. எந்த உலாவிக்கு இடம் தருவது என்ற வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே இருக்கும்.